படத்தையே கேள்வியாகக் கொடுக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து பாதுகாப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேர்த்து வைத்த படங்களை அப்புறம் எப்படித் தேடி எடுப்பது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு நூலகத்தின் படத்தொகுப்புக்கு 11 ஆண்டுகள் குறிப்பெழுதியவன் நான்.

ஒரு படத்துக்கு ‘ஆறு, படகு’ என்று எழுதி வைப்பேன். வருபவர் ‘வெள்ளம்’ என்று கேட்பார். படம் உள்ளேதான் இருக்கும், அகப்படாது. ஒருமுறை ஒரு பெண்மணி, அப்பா நிற்கும் படத்தின் மங்கிய நகலோடு வந்தார். மூலப்படம் எங்களிடம் இருப்பதாகச் சொன்னார். மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு போனார்.

அந்த நகலையே கொடுத்துத் தேடியிருக்கலாம். நிறம், வடிவம் கொண்டு தேடும் க்யூபிக் என்ற மென்பொருளை ஐபிஎம் 1990களிலேயே உருவாக்கியது. ஆனால் எங்கள் கணினிப் பிரிவில், “எல்லாம் ஜேபெக் (JPEG) என்ற படச் சுருக்க முறையில் சுருங்கிக் கிடக்கிறது, ஒவ்வொன்றாக விரித்து ஒப்பிட முடியாது” என்றார்கள்.

முழுக்க விரிக்கவே வேண்டாம். ஜேபெக், படத்தை 8க்கு 8 பிக்சல் (படப் புள்ளி) கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். மற்ற 63 எண்களில் கோடுகளும் நுணுக்கங்களும் இருக்கின்றன. முதல் எண்களை மட்டும் எடுத்து அடுக்கினால், நீள அகலத்தில் எட்டில் ஒரு பங்கான சின்னப் படம் கிடைத்துவிடும். நகல் மங்கியிருந்தாலும் எந்தக் கட்டம் இருட்டு, எது வெளிச்சம் என்ற அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை வைத்து ஒப்பிட்டால் போதும். பிக்சல் வரை போகாததால் கணக்கு வேலை வெகுவாகக் குறையும்.

குறையும் உண்டு. இடது ஓரத்தில் மூன்று பிக்சலை வெட்டினால்கூடக் கட்டங்கள் நகர்ந்து நுணுக்க எண்கள் மாறிவிடும். நிற்பவர் யாருடைய அப்பா என்பதும் எண்களில் தெரியாது. அதனால் குறிப்பெழுதுபவர்களை நிறுத்திவிடாதீர்கள்.

படத்தொகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைச் சேர்க்கும்போதே இந்த எண்களை எடுத்து அட்டவணையில் வைத்துவிடுங்கள். இடம் மிச்சமாகும் என்று மூலக் கோப்பைத் திரும்பத் திரும்பச் சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுணுக்கம் போய்விடும், திரும்ப வராது.

அந்த நகலை அன்றே ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவரிடம் ஒப்படைத்து, தேடும் வசதி வந்தால் முதலில் இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர்