ஒன்பது நிமிடத்துக்கு ஒரு மடக்கு

ரெஹோவோத், இஸ்ரேல்
8.10.2022

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் பேத்திக்கு இந்த வாரத்தோடு ஐந்து மாதம் முடிகிறது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். போன ஞாயிறு போனில் நீ சஷ்டி விரதத்தைப் பற்றிக் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

புதன்கிழமை அங்கே விஜயதசமி. அதே நாளில் இங்கே யோம் கிப்பூர். இங்குள்ள யூதர்களும் அமாவாசையிலிருந்து நாள் எண்ணுகிறவர்கள்தான். திஷ்ரே மாதம் பத்தாம் நாள், கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். செவ்வாய் மாலை பொழுது சாயும்போது தொடங்கும் விரதம் மறுநாள் நன்றாக இருட்டிய பிறகுதான் முடியும். கிட்டத்தட்ட 25 மணி நேரம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. குளிக்க மாட்டார்கள், தோல் செருப்புப் போட மாட்டார்கள். விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். பஸ்ஸும் காரும் ஓடாத பெரிய சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அவர்களுடைய மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். 'திப்பாத் ஹலாவ்' என்று இங்கே ஊருக்கு ஊர் தாய் சேய் நல நிலையம் இருக்கிறது. பெயருக்கு 'ஒரு துளி பால்' என்று பொருள். 1920-களில் எருசலேமில் கைக்குழந்தைகளுக்குச் சுத்தமான பால் கொடுக்கும் வேலையில் தொடங்கியதாம். அந்தப் பெயரே எனக்கு அவ்வளவு பிடிக்கும். அங்கே குழந்தைகளை எடை போடக் காத்திருந்தபோதுதான் நாங்கள் பழகினோம். அவளுடைய இளையவனுக்குப் பத்து வாரம். தாய்ப்பால் மட்டும்தான். புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிடுகிறான்.

பால் கொடுக்கும் தாய்க்கு எப்படி இந்த விரதம் என்று நானும் கேட்டேன். ஆண்டில் வரும் சின்ன விரதங்களில் பெரும்பாலும் விலக்கு உண்டு. யோம் கிப்பூருக்கும், பழைய எருசலேம் கோயில் இடிந்த துக்க நாளுக்கும் கிடையாது. பிள்ளை பெற்று மூன்று நாள் ஆகாதவள் அறவே விரதம் இருக்கக் கூடாது. ஏழு நாள் வரை, தனக்கு வேண்டும் என்று அவள் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவளும் எல்லோரையும் போலத்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தாலே போதும், விரதம் பின்னால் போய்விடும். சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த மிஷ்னா என்ற அவர்களுடைய நூலில் இது இருக்கிறது. விரத நாளில் சமையல் வாசனை பட்டு மசக்கைக்காரி ஆசைப்பட்டால், அவள் மனம் ஆறும்வரை ஊட்டுங்கள் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்தான் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தன் ரபியிடம், அதாவது மதகுருவிடம், போய்க் கேட்டிருக்கிறாள். ஜெபக்கூடத்துக்கு வர வேண்டாம், குளிர்ந்த அறையில் படுத்துக்கொள், மூத்த பையனைக் கணவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றாராம். அப்படியும் பால் வற்றிக் குழந்தை தவித்தால், கன்னம் கொள்ளும் அளவுக்குக் குறைவாக, இடைவெளி விட்டு விட்டுத் தண்ணீர் குடி என்றாராம். எல்லா ரபிகளும் ஒரே மாதிரி சொல்வதில்லை, பால் பவுடரைக் கொடு என்று சொல்கிறவர்களும் உண்டு என்று அவளே சொன்னாள்.

செவ்வாய் மதியம் என்னைக் கூப்பிட்டாள். சமையலறைத் தொட்டி முன்னால் நின்று வாய் நிறையத் தண்ணீரை வாங்கி, இரண்டு கன்னமும் புடைத்து நிற்க, அளவுக் குவளையில் துப்பினாள். அதில் பாதி ஒரு கன்னத்தின் அளவு. அதையும் விடக் கொஞ்சம் குறைத்து, காய்ச்சல் மருந்தோடு வரும் குட்டி மூடியில் ஊற்றிப் பேனாவால் கோடு போட்டாள். 40 மில்லிக்கும் கீழே. பொழுது சாய்ந்தால் பேனாவைத் தொடக் கூடாது, அதனால் முன்கூட்டியே. ஒரு வாரமாகக் காபியைச் சிறிது சிறிதாகக் குறைத்திருந்தாள். மூன்று நாளாகத் தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்கவில்லை.

புதன் மதியம் இரண்டு மணிக்கு உன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். திரை இழுத்த அறை. குழந்தை வாய் வைப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு முகம் சிவக்க வீரிடுவான். காலையில் மாற்றிய டயப்பர் நனையவே இல்லை. அவளுடைய உதடு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்த மூடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு முறையும் தவறியதில்லை அம்மா. அவள் கணவர் வெள்ளை உடையில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கோடு வரை தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தார். குடித்தாள்.

அடுத்தது ஒன்பது நிமிடம் கழித்து. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வந்ததும் "இப்போது" என்பேன். அவர் ஊற்றுவார், அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூடியைத் திருப்பித் தருவாள். பத்தோ பதினொன்றோ ஆகியிருக்கும், நடுவில் கணக்கை விட்டுவிட்டேன். நாலரை மணிக்குமேல் குழந்தை விடாமல் குடித்தான். தொண்டையில் 'களக் களக்' என்று இறங்கும் சத்தம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஆறு மணிக்கு டயப்பரை நான்தான் மாற்றினேன். நனைந்து கனத்திருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இருட்டியதும் தெருமுனை ஜெபக்கூடத்திலிருந்து ஆட்டுக்கிடாய்க் கொம்பை ஊதும் நீண்ட ஒலி வந்தது. விரதம் முடிந்தது. அவளும் அந்த விரதத்தை முடித்தவள்தான்.

அம்மா, தம்பிக்கு மூன்று மாதமாக இருந்தபோது நீ ஆறு நாளும் சஷ்டி இருந்ததை ஆச்சி எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாயாம். தம்பிக்குப் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்களாம். நீ இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அவனுக்காக இருந்தேன் என்று மட்டும் சொல்வாய். அன்று உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மடக்குக் குடி என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. புதன்கிழமை அந்த அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உன் நினைவுதான்.

நான் சஷ்டி இருப்பேன். சோறு தொட மாட்டேன். ஆனால் பாலும் பழமும் சாப்பிடுவேன், தண்ணீர் தாகத்துக்குக் குடிப்பேன். சூரசம்ஹாரத்தன்றும் அப்படித்தான். திருச்செந்தூர்ப் படம் சமையலறை அலமாரியில் இருக்கிறது, அங்கேயே விளக்கேற்றிக்கொள்கிறேன். ஆச்சியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்குக் கோபம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. டிசம்பரில் அவருடைய ஆய்வுக்கூட நண்பர் மதுரையிலிருந்து வருகிறார். பரணில் பித்தளைப் பெட்டிக்குள் தம்பி குடித்த வெள்ளிப் பாலாடை இருக்கும். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தனுப்பு. எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். புட்டியை ஒதுக்குகிறவன் பாலாடையில் குடிப்பான் என்று தோன்றுகிறது.

உன் அன்பு மகள்