மூன்று படிகளைத் தாண்டவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நூலக வாசலில் சாய்தளம் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்த மடல் அன்றைக்கே வந்திருக்க வேண்டும். கணக்கு முடியும்வரை யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று எங்கள் பள்ளிக் கிளப்பின் பொருளாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசி பில் நேற்றுதான் கோப்பில் ஏறியது. அதனால்தான் இந்தத் தாமதம்.

திறப்பு நாளில் மேடையில் நன்றி சொன்னோம், வாஸ்தவம். ஆனால் மைக் கையில் இருந்த ஐந்து நிமிடத்தில் மானியம் தந்த அறக்கட்டளைக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டுமே சொல்ல முடிந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது சுலபம், அவர்கள் யார் என்று காசோலையிலேயே இருக்கிறது. மற்றவர்களுக்காகத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடவில்லை. ஒருவரை விட்டுவிடுவோமோ என்ற பயம்தான் காரணம். படிக்கும்போது 'இது நான்தான்' என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, எங்களுக்கு 'இல்லை' என்று எழுதியவருக்கு.

கிண்டல் செய்யவில்லை. எங்கள் முதல் விண்ணப்பம் நூலகச் சுவரில் ஓவியம் வரைவதற்கும் ஒரு புத்தக அலமாரி வாங்கித் தருவதற்கும். பன்னிரண்டு பக்கம். அட்டையில் வண்ணப்படம் வேறு. 'வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தல்' என்று நாலு இடத்தில் எழுதியிருந்தோம். விண்ணப்பப் படிவத்தில் ஏழாவது கேள்வி: 'இந்தத் தேவையை உங்களுக்குச் சொன்னது யார்?' அதற்கு நாங்கள் 'எங்கள் உறுப்பினர்கள்' என்று பதில் போட்டோம். உண்மையும் அதுதான். ஒரு சனிக்கிழமை வகுப்பறையில் உட்கார்ந்து நாங்களே யோசித்து, நாங்களே கைதட்டி முடிவு செய்ததுதானே.

மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. வழக்கமான 'வருந்துகிறோம்' கடிதமாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்போம். இதில் கீழே கையால் எழுதிய வரி ஒன்று இருந்தது: 'ஏழாவது கேள்விக்கு நூலகத்தைப் பயன்படுத்துபவர் ஒருவராவது பதில் சொல்லட்டும். அடுத்த சுற்றில் மறுபடி அனுப்புங்கள்.' எத்தனை விண்ணப்பங்கள் உங்கள் மேசையில் குவிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அதற்கு நடுவில் பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்தக் கடிதம் இப்போது எங்கள் கோப்பில் முதல் தாள்.

அப்புறம், நூலகர் அக்கா. மறுப்புக் கடிதத்தோடு உங்களிடம் வந்து நின்றபோது கொஞ்சம் கோபமாகத்தான் வந்தோம். 'அலமாரி வேண்டாம் என்றா சொல்வீர்கள்?' என்று கேட்டோம். நீங்கள் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினீர்கள். வெளியே மரத்தடியில் சக்கர நாற்காலியில் ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார், மடியில் நாளிதழ். 'உள்ளே புத்தகம் நிறைய இருக்கு. அவர் எட்டு வருஷமா வர்றார், ஒரு அலமாரியைக்கூடப் பார்த்ததில்லை. நான் பத்துப் புத்தகம் எடுத்துட்டுப் போவேன், அதில் ஒன்றை அவர் எடுத்துக்குவார்' என்றீர்கள். வாசலில் மூன்று படி. எத்தனையோ முறை அந்தப் படிகளில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறோம். அது ஒருவருக்குச் சுவர் என்று தோன்றியதே இல்லை.

ஐயா, உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய. படிவத்தில் ஏழாவது கேள்விக்கான பதில் நீங்கள். பதிலாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை, எங்கள் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தீர்களே! இரண்டரை மீட்டர் நீளத்தில் ஒரு சாய்தளம் போட்டிருந்தோம். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: 'இதில் நான் ஏறணுமா, யாராவது என்னைத் தூக்கணுமா?'

அன்றைக்குத்தான் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கைக் கற்றோம். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். பல நாடுகளின் கட்டட விதிகளில் இந்த அளவுதான் இருக்கிறது. ஒரு படி பதினைந்து சென்டிமீட்டர், மூன்று படிக்கு நாற்பத்தைந்து. அப்படியானால் சாய்தளம் 5.4 மீட்டர் வேண்டும். நாங்கள் போட்டது அதில் பாதிகூட இல்லை. கட்டியிருந்தால் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்திருப்போம், ஒருவரும் தனியாக ஏறியிருக்க மாட்டார்கள். இப்படிச் செங்குத்தாகக் கட்டிய சாய்தளங்கள் இப்போது போகிற இடமெல்லாம் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கட்டியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் கட்டியிருப்பார்கள்.

வாசலிலிருந்து வெளிக்கதவு வரை ஆறு மீட்டர்தான் இடம். மேலே கதவருகில் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர், கீழே இறங்கி நிற்க ஒன்றரை மீட்டர் விட்டால் நேராகக் கட்ட வழியில்லை. கணிதம் சொல்லித்தரும் டீச்சர் மதிய இடைவேளையில் கரும்பலகையில் அதை 'எல்' வடிவத்தில் மடக்கிக் காட்டினார்: சுவரை ஒட்டி மூன்று மீட்டர், திரும்புவதற்குச் சமதளம், பிறகு வெளிக்கதவை நோக்கி 2.4 மீட்டர். டீச்சர், தேர்வுக்கு வராத கணக்கை இவ்வளவு கவனமாக நாங்கள் எழுதிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். மன்னித்துவிடுங்கள்.

இரண்டாவது விண்ணப்பம் நாலே பக்கம். அட்டையில் படம் கிடையாது. மானியம் கிடைத்தது, ஆனால் கேட்டதில் எழுபது சதவீதம்தான். எங்களில் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அப்போதுதான் பொறுப்பாசிரியர் ரோட்டரி ஃபவுண்டேஷன் கதையைச் சொன்னார். 1917-இல் ஆர்ச் க்ளம்ப் என்பவர், உலகத்துக்கு நல்லது செய்ய ஒரு நிதி வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்கு முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட், கான்சஸ் சிட்டி ரோட்டரி கிளப்பிடமிருந்து. 'அதைப் பார்த்து அவர்கள் முகம் சுருங்கியிருந்தால்?' என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். சார், அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் வேலை செய்தது.

மாணவர்களுக்கு மானியம் என்று ஒன்று இருப்பதையே எங்களுக்குச் சொன்னதும் அவர்தான். பெரிய சேவை அமைப்புகளின் மாணவர் கிளப்புகளை, லயன்ஸ் அமைப்பின் லியோ கிளப், ரோட்டரியின் இன்டராக்ட், கிவானிஸின் கீ கிளப் என்று ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார். கீ கிளப் 1925-இல் கலிஃபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. முதல் லியோ கிளப் 1957-இல், பென்சில்வேனியாவில் ஒரு பள்ளியில், அதைத் தொடங்கியதில் அந்தப் பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளருக்கும் பங்குண்டு. இன்டராக்ட் 1962-இல். பெரிய அமைப்புகளின் கிளையாக இருப்பவர்களுக்கு அந்த அமைப்பின் நிதியிலிருந்தே உதவி கேட்க வழி இருக்கிறது. எங்களுடையது எதிலும் சேராத சாதாரணப் பள்ளிக் கிளப். எங்கள் மாதிரிக் குழுக்களுக்கும் கதவு திறந்திருக்கும் அறக்கட்டளைகளைத் தேடிப்பிடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆனது. எத்தனை படிவங்களில் 'பதிவு எண்' என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம் தெரியுமா? மாணவர் கிளப்புக்கு ஏது பதிவு எண்? கடைசியில் பள்ளியின் பெயரில் பணத்தை வாங்கி, தனிக் கணக்கில் வைக்கலாம் என்று வழி சொன்னவர் அலுவலகக் கணக்காளர். அதற்காக நீங்கள் கூடுதலாக ஒரு பேரேடு எழுத வேண்டியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது, சார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை நீங்கள்.

மீதி முப்பது சதவீதத்துக்கு என்ன செய்தோம்? கைப்பிடிக் குழாய்களைப் பழைய மாணவர் ஒருவர் தந்தார். மண் தோண்டும் வேலையை நாங்களே செய்தோம். மணலும் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டிய லாரி ஓட்டுநர் அண்ணன் வாடகையில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

இனி கொத்தனார் அண்ணன். உங்களைப் பற்றித் தனி மடலே எழுதலாம். முதல் நாள் காலையில் வந்தீர்கள். நாங்கள் பெருமையோடு நீட்டிய வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரசமட்டத்தைத் தரையில் வைத்தீர்கள். குமிழி ஓரத்துக்கு ஓடியது. வாசலிலிருந்து வெளிக்கதவுப் பக்கம் தரை சரிந்துகொண்டே போகிறது, மழைத் தண்ணீர் வடிவதற்காக எப்போதோ அப்படிப் போட்டிருக்கிறார்கள். படியை மட்டும் அளந்த எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. சாய்தளம் முடியும் இடத்தில் நாலு சென்டிமீட்டர் கூடுதல் பள்ளம்.

'நாலு சென்டிமீட்டர்தானே அண்ணா' என்று எங்களில் ஒருவன் சொன்னான். நீங்கள் திட்டவில்லை. விரலால் மண்ணில் நாலு என்று எழுதி, பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, அவனையே பெருக்கச் சொன்னீர்கள். நாற்பத்தெட்டு. கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம் கூட வேண்டும். ஆறு மீட்டரில் அது எப்படியோ உட்கார்ந்துவிட்டது, பன்னிரண்டு சென்டிமீட்டர் மிச்சம். சிமென்ட் மட்டும் கூடுதலாக வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் 'எதிர்பாராச் செலவு' என்று பத்து சதவீதம் போடச் சொல்லியிருந்தது அறக்கட்டளைதான். அந்த வரியைப் போடும்போது, என்ன எதிர்பாராதது வந்துவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டே போட்டோம். அளவு மாறியதைத் தெரிவித்து அனுமதி கேட்டு எழுதினோம், அன்று மாலையே 'சரி, காரணத்தை அறிக்கையில் குறிப்பிடுங்கள்' என்று பதில் வந்தது. அந்தப் பதில் ஒரு வாரம் தாமதித்திருந்தால் கலவை போட வந்தவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். நன்றி.

கான்கிரீட் இறுகுவதற்கு முன் ஒரு தென்னந்துடைப்பத்தைக் குறுக்கே இழுத்துக் கோடு கோடாகப் போட்டீர்கள், அண்ணா. மழையில் சக்கரம் வழுக்காமல் இருக்க. ஓரத்தில் விரற்கடை உயரத்துக்கு விளிம்பு கட்டினீர்கள், முன்சக்கரம் வெளியே இறங்கிவிடாமல் இருக்க. இரண்டும் எங்கள் வரைபடத்தில் இல்லாதவை. இரண்டுக்கும் கூலி கேட்கவில்லை.

பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றும் வேலை. அது பருவத் தேர்வு வாரம். எங்கள் முறைப் பட்டியல் இரண்டாம் நாளே குலைந்துவிட்டது. ஒருநாள் காலையில் பதறிக்கொண்டு ஓடினால் சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்பில் படிக்கும் மூன்று பிள்ளைகள், யாரும் சொல்லாமல், தங்கள் தண்ணீர் பாட்டில்களாலேயே ஊற்றியிருக்கிறார்கள். உங்களுக்குக் கிளப்பில் சேர இன்னும் வயது வரவில்லை. விதியை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொருளாளரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு வீடு போய்ச் சேர முடியாது. மானியத்தின் முதல் தவணை கையில் வரும், இரண்டாவது தவணை கணக்கு காட்டினால்தான் வரும். ஒவ்வொரு செலவுக்கும் பில். எங்கள் பில்களில் பாதி, சூட்டால் எழுத்து பதியும் அந்த வழவழப்பான தாளில் அடித்தவை. ஜன்னலோரத்தில் வைத்த இரண்டு பில்கள் ஒரே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டன. எழுத்தே இல்லை! அன்றிலிருந்து பில் வாங்கிய இடத்திலேயே நின்று படம் எடுத்து, நகல் எடுத்து, பின்புறம் தேதியும் எதற்கென்றும் எழுதினால்தான் அவள் விட்டாள். வெளுத்துப்போன இரண்டுக்கும் மாற்று பில் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. பழைய புத்தகத்தில் தேடி எடுக்க அவருக்கு ஒரு மதியம் போனது.

கணக்கில் ஒரு சிறு தொகை மிஞ்சியது. அதில் டி-ஷர்ட் அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யார் சொன்னது என்று நான் எழுதப் போவதில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மானிய விதிகளில் உடைக்கும் விருந்துக்கும் பரிசுக்கும் செலவழிக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்கும் ரசீது வந்திருக்கிறது, நல்ல தாளில்.

திறப்பு நாளைப் பற்றி வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தின மாலை நடந்தது பலருக்குத் தெரியாது. ஐயா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். 'நாளைக்குக் கூட்டத்துக்கு நடுவில் ஏறிப் பார்த்து, சரியில்லை என்றால் என்ன செய்வீங்க?' என்றார். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி, திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்று, மறுபடி தள்ளி மேலே போனார். யாரும் தொடவில்லை. உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் வரலாற்று அலமாரிக்கு முன்னால் இருக்கிறார். ஒரு புத்தகத்தை எடுப்பார், இரண்டு பக்கம் புரட்டுவார், வேண்டாம் என்று திரும்ப வைப்பார். இப்படிப் பத்துப் பதினைந்து புத்தகம். கடைசியில் ஒன்றும் எடுக்காமலேயே இறங்கிவந்தார். 'மேல்தட்டு எட்டவில்லை' என்று நூலகர் அக்காவிடம் ஒரு புகாரும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புகாரை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த விண்ணப்பத்தின் ஏழாவது கேள்விக்கு.

நன்றியுடன்,
செயலாளர்
(கிளப் உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர் சார்பில்)

பின்குறிப்பு: கொத்தனார் அண்ணா, உங்கள் ரசமட்டம் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. மூன்று முறை போன் செய்தோம், எடுக்கவில்லை. பள்ளி முடியும் நேரத்தில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை பத்திரமாக இருக்கும், மேசைகளை மட்டும் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றுகூடச் சமமாக இல்லை.