பெரிய பிளான் வேண்டாம், முதலில் ஸ்விட்சை மாற்று

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் கிடைத்தது. பாப்பா பிளஸ் ஒன்னில் கணக்கு எடுத்திருக்கிறாள் என்பதும், அப்பா இன்னும் காலையில் மண்டிக்கு வந்து கல்லாவில் உட்காருகிறார் என்பதும் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. இங்கே கோவையில் எல்லோரும் நலம். எனக்கு மில், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று கேபிள் இழுக்கும் வேலை ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புதுக் குடோனுக்குக் கேமரா போட்டதிலிருந்து பில் போடுவது இழுக்கிறது, 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பிளானை 500 ஆக்கிவிடலாமா என்கிறாய். வேண்டாம்டா, அந்தப் பணம் வீண். பில், கணக்கு எல்லாம் போடும் உன் டேலி மென்பொருள் இருக்கிற கம்ப்யூட்டர் உள் அறையில் இருக்கிறது, கவுண்டரில் பையன் பில் போட்டால் அந்தத் தகவல் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே கேபிளில் போய்த் திரும்பி வருகிறது, தெருவுக்கே இறங்குவதில்லை. 192.168 என்று ஆரம்பிக்கும் கம்ப்யூட்டர் முகவரிகளைப் பார்த்திருப்பாய், அவை உள்ளூர் புழக்கத்துக்கு மட்டுமானவை, இணையத்தில் செல்லாது. வெளியே போகும் லைன் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இந்த உள் பயணம் ஒரு நொடிகூடக் குறையாது.

நெரிசல் எங்கே என்று நீ அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. முன் அறையில் இருக்கும் ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களையெல்லாம் செருகி இணைக்கும் பெட்டி, பழைய 100 எம்பிபிஎஸ் வகை, ஒரு கேபிளில் நொடிக்கு 100 மெகாபிட்தான் போகும். கவுண்டர் கம்ப்யூட்டர்களும் எல்லாக் கேமராக்களும் அதில்தான் செருகியிருக்கின்றன, அங்கிருந்து உள் அறைக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகிறது. ஃபுல் எச்டி கேமரா ஒன்று நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் அனுப்பிக்கொண்டே இருக்கும், இரவு பகல் கிடையாது. பதினாறு கேமரா இருந்தபோது 64, சமாளித்தது. இப்போது எட்டு சேர்த்து 24 ஆக்கிவிட்டாய், கணக்குப் போடு, 96. நூறு கொள்ளும் பாதையில் தொண்ணூற்றாறைக் கேமராவே பிடித்துக்கொண்டால் பில் எந்த வழியாகப் போகும்? நொடிக்கு 1000 மெகாபிட் போகும் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கிப் போடு, கேமராக்களுக்குத் தனி ஸ்விட்சும் தனி கேபிளும் கொடுத்து, படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டருக்கு நேராக இழுத்துவிடு. 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவதைவிட இது ஒரே தடவைச் செலவு.

புதுக் குடோன் கடைசி வரை 140 மீட்டர் என்றாய், அது எனக்கு உறுத்துகிறது. காப்பர் நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, நடுவில் ஜாயிண்டர் போட்டு இரண்டு துண்டை இணைத்தாலும் எல்லை எல்லைதான். அங்கே ஃபைபர் போடு. ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மழைக்காலத்தில் இடி விழும்போது குடோன் பக்கத்திலிருந்து மின்னழுத்தம் ஏறி வந்து உள் அறைக் கம்ப்யூட்டரைச் சுடும் பயமும் அந்த வழியில் இல்லை. கட்டடத்துக்குள் காப்பர் வாங்கும்போது விலை குறைவு என்று யாராவது கொடுத்தால், நுனியைப் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கும் கேமரா அதில் இரவானதும் அணைந்து அணைந்து எரியும், ஆள் வந்து பார்க்கும்போது நன்றாக இருக்கும்.

வெளி லைன் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. உனக்கு அதில் வேண்டியது நிற்காமல் ஓடுவது. 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வெளிமாநிலம் போகவேண்டுமென்றால் இ-வே பில் என்ற சரக்குச் சீட்டை ஆன்லைனில் எடுக்காமல் லாரி கிளம்ப முடியாது, நெட் இல்லையென்றால் டிரைவர் மண்டி வாசலில் நிற்பான், லாரி ஆபீஸ்காரர் உனக்குப் போன் மேல் போன் போடுவார். அதனால் இரண்டாவது இணைப்பு கட்டாயம் வேண்டும். அதையும் ஃபைபராக வாங்கினால் கம்பெனிதான் வேறு, பெரும்பாலும் அதே கரண்ட் கம்பத்தில்தான் தொங்கும். உயரமாக வைக்கோல் ஏற்றிய ஒரு லாரி போனால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். இரண்டாவது, சிம் போட்ட 4ஜியாக இருக்கட்டும். இரண்டு லைன் செருகும் ரவுட்டர் வாங்கினால் ஒன்று போனதும் தானாக மற்றதற்கு மாறிக்கொள்ளும்.

அப்பாவிடம் கேள், கரண்ட் போனாலும் அந்தக் காலத்து லேண்ட்லைன் வேலை செய்யும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் அதே கம்பியில் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும், உன் பக்கத்துப் பெட்டிக்கு நீதான் கரண்ட் கொடுக்கவேண்டும். அதனால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடு. கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு ரவுட்டரை விட்டுவிடுகிற கடைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் கேமராக்களின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்று. 2016 இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே சில மணிநேரம் முடக்கியது. உன் கேமரா உன் டேலி இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வைஃபையையும் தனியாகப் பிரித்துவிடு, ரவுட்டரில் அதற்கு வசதி இருக்கும்.

இவ்வளவையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். நாளைக் காலை கூட்டமான நேரத்தில் அந்த முன் ஸ்விட்சில் கேமரா கேபிள்களை மட்டும் ஐந்து நிமிஷம் கழற்றிவிட்டு ஒரு பில் போடச் சொல். பில் பழைய வேகத்தில் வந்தால் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, என்ன ஸ்விட்ச் வாங்கலாம் என்று பட்டியல் போட்டுத் தருகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வரும்போது ஃபைபரை நானே கூட இருந்து போட்டுக் கொடுக்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்,
கண்ணன்