ஓய்வில் இருக்கிறோமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் குளச்சல் துறைமுகத்தின் படம் போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம். அடியில் 'தடைக்காலம்: தொழிலாளர்களுக்கு இரண்டு மாத ஓய்வு' என்று எழுதிய மகராசனைத்தான் பார்க்க ஆசை. ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான் ஐயா. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் ஓய்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்கிற இந்தத் தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் பெருகினால்தான் ஆகஸ்டில் எனக்குச் சுமக்க ஐஸ் இருக்கும். ஆனால் 45 நாளை 61 ஆக்கியபோது ஐஸ் சுமக்கிறவன், மீன் வண்டி டிரைவர், கூடையில் மீன் விற்கும் பெண்கள் எல்லாம் யார் கணக்கில் வந்தோம்? என் மனைவி திங்கள்நகர், கருங்கல் வரை கூடையோடு போகிறவள். வள்ளம் மாதிரி நாட்டுப் படகுக்குத் தடை இல்லைதான், ஆனி ஆடிக் கடலில் அதுவும் பாதி நாள் இறங்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? மீனவர் குடும்பத்துக்கு நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கினார்கள், சந்தோஷம், 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். அதுவும் எனக்கு இல்லை. கேட்கப் போன அலுவலகத்தில் "நீங்க கடலுக்குப் போறவர் இல்லியே" என்று அனுப்பிவிட்டார்கள்.

2019-இல் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் இப்படித்தான். கவர் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த என் மச்சான் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார், உங்கள் பேப்பரில் துணிப்பை படமாகவே வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கேரளத்தில் தடை 52 நாள்தானே, நமக்கு மட்டும் ஏன் 61 என்று கேட்டு நான் எழுதிய கடிதமும் வரவில்லை. அப்புறம் வருடாவருடம் ஏப்ரல் 15 அன்று 'குமரி மாவட்டத்தில் தடைக்காலம் தொடங்கியது' என்று மொட்டையாகப் போடுகிறீர்கள். அது கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டம் பக்கத்துக்கு. மேற்குக் கரையில் எங்களுக்கு ஜூன் 1-இல்தான் தொடக்கம். அதைப் படித்துவிட்டு, அன்று காலையில் பிடித்த மீனைப் பார்த்து "ஐஸ்ல வச்ச பழைய மீனா?" என்று என் மனைவியிடம் கேட்கிறார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த 'ஓய்வு' என்ற வார்த்தைக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள், எட்டாம் பக்கத்து மூலையில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஐஸ் பிளான்ட் சுமைத் தொழிலாளி,
குளச்சல்.