கம்பத்தில் பட்ட பந்துக்கு அப்புறம்

அன்புள்ள மெக்கென்சி அர்னால்டுக்கு,

வணக்கம். 2023 ஆகஸ்ட் 12, பிரிஸ்பேன். பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதி. ஆஸ்திரேலியாவின் கோல்கீப்பராக அன்று நீங்கள் தடுத்த பந்துகளைப் பற்றி ஆயிரம் பேர் உங்களிடம் பேசியிருப்பார்கள். நான் எழுத வந்தது நீங்கள் அடித்த பந்தைப் பற்றி.

120 நிமிடம் ஓடியும் ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் ஆளுக்கொரு கோல்கூடப் போடவில்லை. இரு அணியும் மாறி மாறி ஐந்து பெனால்டி அடித்து முடிவு காணும் ஷூட்அவுட்டுக்காகவே பிரான்ஸ் கடைசி நேரத்தில் தன் கோல்கீப்பரை மாற்றி சோலென் டுராண்டை இறக்கியது. பிரான்ஸின் ஐந்தாவது பந்து கம்பத்தில் பட்டபோது கணக்கு மூன்றுக்கு மூன்று. உங்கள் அணியின் ஐந்தாவது ஆளாக வந்து நின்றவர் நீங்கள். உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது, அரையிறுதி. ஆஸ்திரேலியப் பெண்கள் உலகக் கோப்பையில் அதுவரை தொட்டிராத இடம்.

பந்து கம்பத்தில் பட்டது.

நானும் ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்றவள். பெரிய அளவில் இல்லை, பள்ளி அணியில்தான். கைக்குள் வந்த பந்தை ஒருமுறை நழுவவிட்டேன். அடுத்த பந்து வரும்போது என் மனசு இன்னும் பழைய பந்திலேயே இருந்தது. அதுவும் உள்ளே போனது. அதனால்தான் அன்று உங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பெனால்டியைத் தவறவிட்ட மற்றவர்கள் நடுவட்டத்துக்குத் திரும்பிப் போவார்கள். அது நீண்ட நடைதான், ஆனால் போய்ச் சேர்ந்ததும் தோழிகள் கட்டிக்கொள்வார்கள், தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பருக்கு அது கிடையாது. விதிப்படி நீங்கள் பெனால்டி பகுதியின் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். அடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் மறுபடி கோல். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அதற்கு நடுவே நீங்கள் ஒருவர். ஐம்பதாயிரம் பேர் சுற்றி இருந்தும் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

அப்புறம் மூன்று பந்துகள் உங்களைத் தாண்டிப் போயின. பிரான்ஸின் கெயோரோ, கர்ஷாவி, லக்ரார். ஒவ்வொன்றுக்கும் பதிலாக கோரி, யாலப், கார்பென்டர் மூவரும் வந்து நின்றார்கள். ஒருவர் தவறினாலும் அத்தோடு எல்லாம் போயிற்று. மூன்று பேரும் போட்டார்கள். ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொள்ள வழியில்லாத தோழிகள் வேறு எப்படித்தான் ஆறுதல் சொல்ல முடியும்?

ஒன்பதாவதாக கென்ஸா டாலி. தடுத்தீர்கள். கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டீர்கள், திரும்ப அடிக்கட்டும் என்றார்கள் நடுவர்கள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பேன். நீங்கள் கோட்டில் காலை வைத்து நின்றீர்கள். அவர் அடித்தார், அதையும் தடுத்தீர்கள். ஒரே பெனால்டியை இரண்டு முறை! அதற்கும் பலன் உடனே கிடைக்கவில்லை. அடுத்து வந்த கிளேர் ஹன்ட் அடித்ததை டுராண்ட் தடுத்துவிட்டார். மறுபடி நாலு எட்டு, மறுபடி கோல் கம்பங்களுக்கு நடுவே நீங்கள்.

பத்தாவதாக வந்த விக்கி பெஷோவுக்கு வயது 19. அவர் அடித்ததும் கம்பத்தில் பட்டது. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. கார்ட்னீ வைன் போட்டார், 7-6. ஆண்கள், பெண்கள் இரண்டு உலகக் கோப்பைகளிலும் அதுவரை அவ்வளவு நீண்ட ஷூட்அவுட் நடந்ததே இல்லை.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்அவுட் என்பது திறமைக்குச் சோதனை என்கிறார்கள். மறக்கத் தெரிகிறதா என்பதற்கான சோதனை என்றே எனக்குப் படுகிறது. குழு ஆட்டத்தில் தவறினால் வருந்த நாலு நாள் கிடைக்கும். இங்கே அடுத்த பந்து வரும்வரைதான்.

ஆனால் மறந்தாலும் ஜெயிக்கலாம் என்பதற்கு உறுதி இல்லை. உங்கள் ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால் மெல்போர்னில் நடந்த ஷூட்அவுட்டில் அமெரிக்காவின் கோல்கீப்பர் அலிஸா நேயர் தன் பெனால்டியைக் கச்சிதமாகப் போட்டார். அப்புறம் ஸ்வீடனின் லினா ஹுர்டிக் அடித்த பந்தைத் தட்டினார், எழும்பி விழுந்ததை மறுபடி வெளியே தள்ளினார். அது மில்லிமீட்டர் கணக்கில் கோட்டைத் தாண்டியிருந்தது என்று கருவி சொல்லியது. கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் நடப்புச் சாம்பியன் வெளியே போனது. நீங்கள் தவறவிட்டு ஜெயித்தீர்கள், அவர் போட்டுவிட்டுத் தோற்றார். இதில் நியாயம் தேடி அலுத்துவிட்டேன்.

2025 ஜூலையில் சூரிச்சில் இங்கிலாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியிலும் இதே காட்சி. ஸ்வீடனின் கோல்கீப்பர் ஜெனிஃபர் ஃபால்க் அன்று நான்கு பெனால்டிகளைத் தடுத்தவர். ஐந்தாவது ஆளாக, ஜெயிக்க வைக்கும் பந்தை அடிக்க அவரே வந்தார். பந்து கம்பிக்கு மேலே பறந்தது. அவரும் உங்களைப் போலவே நாலு எட்டு வைத்துக் கோலுக்குப் போனார். கடைசியில் ஸ்வீடன் தோற்றது. உங்கள் பெயர்தான் அப்போது என் வாயில் வந்தது.

என்றாவது ஒரு மைதானத்தில் ஃபால்க் உங்கள் எதிரே வந்தால், அந்த ஐந்தாவது பந்துக்கு அப்புறம் அவருக்குக் கிடைக்காத அணைப்பை நீங்கள் கொடுங்கள். அந்த நாலு எட்டு எப்படி இருக்கும் என்று அவரிடம் நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

அன்புடன்,
பழைய கோல்கீப்பர் ஒருத்தி