குரன் வந்த வழி

சென்னை, மேற்கு மாம்பலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தியும், கும்பகோணத்தில் காவிரி படித்துறை தொட்டு ஓடுகிறது என்ற செய்தியும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. எனக்கு வலக் கண்ணில் புரை நீக்கி ஒரு மாதம் ஆகப் போகிறது. இப்போது எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. படிக்கலாம் என்று மருத்துவர் அனுமதி கொடுத்த அன்றே, பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துத் தரும்படி மகனிடம் கேட்டேன். அதற்குள் நம்முடைய பழைய காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தன. 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது நாம் இருவரும் காசு சேர்த்து வாங்கியவை சில. வேலைக்கு வந்த பிறகு, 1985இல் தீக்கிரையாவதற்கு முன் இருந்த மூர் மார்க்கெட்டில் நான் பழைய விலைக்கு வாங்கியவை பல. ஒன்றின் அட்டையில் உன் பெயரின் முதலெழுத்து நீல மையில் இன்னும் இருக்கிறது. நடுவிலிருந்த கம்பி துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஃபாண்டம் (Phantom) எனப்படும் முகமூடி வீரரான வேதாளரின் கதைகளைத்தான் முதலில் எடுத்தேன். ராணி காமிக்ஸ் வழியாகப் பிறகு படித்தவர்கள் அவரை முகமூடி வீரர் மாயாவி என்பார்கள். நமக்கு அவர் என்றும் வேதாளர்தான். சிறு வயதில் நம் கண்கள் மண்டையோட்டு மோதிரத்தையும் வெள்ளைக் குதிரையையும் விட்டு அகன்றதில்லை. இந்த முறை என் பார்வை, கவிழ்த்து வைத்த கூடை போன்ற தொப்பி அணிந்து, வேதாளரின் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குரனிடமே போய் நின்றுவிட்டது. பாண்டார் குள்ளர்களின் தலைவன். நச்சு அம்புகளுக்கு அஞ்சி எவரும் நுழையாத காட்டைக் காப்பவன். இன்றைய வேதாளரின் பால்ய நண்பன். அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

லீ ஃபாக் இந்தச் சித்திரத் தொடரை 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கினார். கதைக்குள் 1536இல் கடற்கொள்ளையர்களிடமிருந்து தப்பிக் கரையொதுங்கிய ஓர் இளைஞனைப் பாண்டார் மக்கள்தாம் தூக்கிச் சென்று பிழைக்க வைக்கிறார்கள். அவன் முதல் வேதாளர். நாம் படித்தவர் இருபத்தொன்றாமவர். நானூறு ஆண்டுக் காலத்து வேதாளர்கள் ஒவ்வொருவரும் செய்தவை மண்டையோட்டுக் குகையில் தடித்த ஏடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய கல்லறைகளும் அங்கேயே வரிசையாக இருக்கின்றன. அந்த இளைஞனைத் தூக்கிய கைகளுக்கு உரியவன் யார், அவன் மகன் யார், அந்த வரிசையில் குரன் எத்தனையாவது தலைமுறை என்று எழுதிய ஏடு எதையும், இந்தப் பெட்டி முழுவதும் தேடியும், நான் காணவில்லை.

என்னை உறங்கவிடாமல் செய்தது வேறு ஓர் இடம். பின்னாளில் இருபத்தொன்றாம் வேதாளர் ஆகப்போகும் கிட் என்னும் சிறுவன் படிப்பதற்காகக் காட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போகிறான் அல்லவா? மிசௌரி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில் என்ற ஊரில் உறவினர் வீட்டில் வளர்கிறான், படிப்பிலும் விளையாட்டிலும் பேர் வாங்குகிறான், டயானா என்ற பெண்ணை விரும்புகிறான். அந்த நேரத்தில் தந்தை குற்றுயிராகக் கிடக்கிறார் என்ற செய்தியுடன் குரன் வந்து சேர்கிறான். கிட் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்புகிறான். தந்தையின் படுக்கையருகே நிற்கிறான். அடுத்த வேதாளர் ஆகிறான். தொடரில் இந்த வரலாறு திரும்பத் திரும்பச் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் குரன் வந்தான் என்பது ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது.

எப்படி வந்தான்? காட்டிலிருந்து துறைமுகம் வரை எத்தனை நாள் நடந்தான்? கப்பலில் அவனுக்கு எந்த மூலையில் இடம் கொடுத்தார்கள்? அவன் கடந்தது எந்தக் கடல் என்றுகூட வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஏனெனில் தொடக்கக் கதைகளில் ஆசியாவின் சாயலோடு இருந்த, வேதாளரின் காடு உள்ள பெங்கல்லா என்ற கற்பனை நாடு, பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது. கறுப்பின மக்களைத் தனிப் பெட்டியில் ஏற்றுவதைப் பல மாநிலங்கள் சட்டமாகவே வைத்திருந்த அக்கால அமெரிக்காவில், குள்ளமான, கறுத்த, கூடைத் தொப்பி அணிந்த ஒரு மனிதன் இரயில் நிலையத்தில் யாரிடம் வழி கேட்டிருப்பான்? நாளுக்கு மூன்று நான்கு கட்டங்களே கிடைக்கும் நாளிதழ்த் தொடரில் இதற்கெல்லாம் இடமில்லை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஃபாக் 1999இல் மறையும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கதையை எழுதினார். குரனை அவர் வேலைக்காரனாக வைக்காமல் நண்பனாக வைத்தார் என்பதை, அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்கும்போது, பெரிதாகவே மதிக்கிறேன். அந்த ஒரு பயணத்தையும் அவர் விரித்து எழுதியிருந்தால் அதுவே அவருடைய மிகச் சிறந்த கதையாக இருந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நம் கம்பர் குகனுக்கென்று தனிப் படலமே வைத்தாரே.

இதை எழுதும்போது எனக்கு 1981ஆம் ஆண்டுப் பொங்கல் நினைவுக்கு வருகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில், மாடி அறையில், விடிவதற்கு முன் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நீ நின்றாய். "அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கிளம்பு" என்று சொல்லிவிட்டு, நான் சட்டையைத் தேடுவதற்குள் என் பையை நீயே எடுத்து வைத்தாய். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று வீடு முழுவதும் நடுங்கிய காலம் அது. நீ தந்தி கொடுக்காமல் நேரில் வந்ததால்தான், அந்தப் பத்து மணி நேரப் பயணம் முழுவதும் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பிக்கொண்டு வர முடிந்தது. இருந்தார். இரண்டு நாள் என்னோடு பேசிவிட்டுத்தான் போனார்.

அந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'என் நண்பன் வந்து சொன்னான்' என்ற மூன்று நான்கு சொற்களில் உன்னைக் கடந்து, அப்பாவின் கட்டிலருகே போய்விட்டிருக்கிறேன். பண்டிகைக் கூட்டத்தில் உனக்கு எந்தப் பேருந்தில் இடம் கிடைத்தது, பாரிமுனையில் இறங்கி அந்த இருட்டில் திருவல்லிக்கேணிக்கு எப்படி வந்தாய், பணத்துக்கு என்ன செய்தாய் என்று நான் ஒரு நாளும் உன்னிடம் கேட்டதில்லை. அன்று உன் வலக் காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடக் காலில் ஈரமான கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாய். கதவைத் திறந்தபோதே அதைப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த கடிதத்தில் மற்றச் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, அன்று வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து என் கதவைத் தட்டியது வரை எதையும் விடாமல் எழுது. அந்தச் செருப்பு எங்கே போனது என்பதையும் எழுது. உன் பெயர் எழுதிய புத்தகத்தை இத்துடன் தனி உறையில் அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்