போட்டி இருக்கும்போதே விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணைய வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டால் சிறு வியாபாரிக்கு லாபம்தான் என்று எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பதைச் சீனாவில் நடந்தவை காட்டுகின்றன.

2003-இல் அலிபாபா நிறுவனம் தாவ்பாவ் என்ற இணைய விற்பனைத் தளத்தைத் தொடங்கியபோது, சீனச் சந்தையில் முன்னணியில் இருந்த ஈபே தளம் விற்பனையாளர்களிடம் கட்டணம் வசூலித்து வந்தது. தாவ்பாவ் கட்டணமே வேண்டாம் என்றது. பொருள் கைக்கு வந்து, வாங்கியவர் சரி என்று சொன்ன பிறகே விற்றவருக்குப் பணம் போய்ச்சேரும் அலிபே ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தைக் கைவிட்டது. அதுவரை போட்டியின் பலன் வியாபாரிக்கே கிடைத்தது.

நிலைமை மாறியது அதன் பிறகுதான். 2008-இல், தேடுபொறியில் முதலிடத்தில் இருந்த பைடு சொந்தமாக ஒரு விற்பனைத் தளம் தொடங்கத் தயாரானபோது, தாவ்பாவ் தன் பக்கங்கள் பைடு தேடலில் வராதபடி தடுத்துவிட்டது. பொருள் தேடுபவர் நேராகத் தாவ்பாவுக்குள் நுழைந்தே தேட வேண்டியதாயிற்று. அங்கே முன்வரிசையில் தெரிய வேண்டுமானால் விற்பனையாளர் விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டணம் வாங்காத தளம் சம்பாதித்தது இந்த வழியில்தான். இதுவாவது விருப்பத்தைப் பொறுத்தது. 2015 முதல், எங்கள் தளத்தில் விற்றால் போட்டித் தளத்தில் கடை வைக்கக் கூடாது, அவர்களுடைய சிறப்பு விற்பனையிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று அலிபாபா வியாபாரிகளைக் கட்டாயப்படுத்தியதாகச் சீன அரசின் சந்தை ஒழுங்காற்று அமைப்பு கண்டறிந்தது. இத்தகைய நிர்பந்தத்தைத் தடுக்கும் மின்வணிகச் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தும், நடவடிக்கை வந்தது 2021 ஏப்ரலில்தான். 1,822.8 கோடி யுவான், அதாவது நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு உள்நாட்டு விற்பனையில் 4 சதவீதம், அபராதமாக விதிக்கப்பட்டது. தொகை பெரியதுதான், ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வேறு தளத்தில் விற்றிருக்கக்கூடிய சரக்கை எந்த அபராதம் ஈடுகட்டும்?

தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களின் வியாபாரத்தை நம்பித்தான் எம்.சி. ரோட்டில் பல கடைகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. அந்த வாரங்களில் ஒரே தளத்தில்தான் விற்க வேண்டும் என்று எவரேனும் நிபந்தனை போட்டால், வழக்கு முடியும்வரை தாக்குப்பிடிக்க எங்களால் இயலாது. நமது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் பெரும்பாலும் தவறு நடந்த பிறகே விசாரிக்கிறது. பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை வரையறுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. பல தளங்கள் இன்னும் எங்களைத் தேடி வரும் இந்தக் காலத்திலேயே, ஒரு வியாபாரி எத்தனை தளங்களில் வேண்டுமானாலும் விற்கும் உரிமையையும், தேடல் முடிவில் எது விளம்பரம் என்பது வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற விதியையும் சட்டமாக்குமாறு வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினரும் தமிழக வணிகர் சங்கங்களும் மத்திய அரசை வலியுறுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆயத்த ஆடை வியாபாரி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21